மலை விழுங்கும் நேரம்

எங்கள் பக்கத்து வீட்டு மருதேவி பொழுது போன பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். சமணக் குடும்பம். சூரியன் இருக்கும்போதே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுவது அவர்கள் வழக்கம். செஞ்சியைச் சுற்றி இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. மற்ற வீடுகளில் காலண்டரைப் பார்ப்பார்கள், போனைப் பார்ப்பார்கள். மருதேவி வீட்டில் மட்டும் மலையைப் பார்ப்பார்கள். கோட்டை மலை ராஜகிரி சூரியனை விழுங்கிவிட்டால் தட்டைக் கழுவிவிட வேண்டும். அது அவளுடைய மாமியார் வைத்த சட்டம். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் சட்டம் போகவில்லை.

அதற்குக் காவல்காரர் அவள் புருஷன் தர்மநாதன். மகள் ஜினப்பிரியா சென்னையிலிருந்து கூப்பிட்டு, "நைனா, சூரியன் எப்ப எறங்குதுன்னு போன்லயே போட்டிருக்குது, அதைப் பாத்து அம்மாவுக்குச் சோறு போடு" என்பாள். "அது மெட்ராஸ் சூரியன்மா. எங்க சூரியனுக்கு மலை இருக்குது" என்று இவர் போனை வைத்துவிடுவார். சிரிக்காதீர்கள். மலைக்குக் கிழக்கே குடியிருக்கிற எங்களுக்குப் பொழுது உண்மையிலேயே கொஞ்சம் முன்னால்தான் போகும்.

இதோடு இன்னொன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மருதேவிக்குச் சர்க்கரை. சாயந்திரம் ஊசி போட்டுக்கொண்டு அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அதன்பிறகு விடியும் வரைக்கும் ஒன்றும் கிடையாது. சீக்கிரமே சாப்பிட்டுவிட்டால் விடியற்காலையில் கை நடுங்கும், கண்ணை இருட்டிக்கொண்டு வரும். "எவ்ளோ தள்ள முடியுமோ அவ்ளோ தள்ளிச் சாப்பிடுங்கம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கொல்லையில் முருங்கை மரத்தடியில் மணையைப் போட்டு உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். கடைசி வெளிச்சமும் கடைசி வாயும் ஒன்றாக முடியும். அந்தக் கடைசி அரை மணிதான் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

அந்தக் கொல்லைக்குப் பின்னால்தான் காண்டிராக்டர் ராஜாங்கம் லாட்ஜ் கட்டடம் எழுப்பினார்.

ஊரே அப்போது இடித்துக் கட்டிக்கொண்டிருந்தது. கோட்டைக்கு உலக அளவில் பேர் கிடைத்த பிறகு வெளியூர்க் கார்கள் அதிகமாக வந்தன. கார் வந்தால் லாட்ஜ் வேண்டாமா, ஓட்டல் வேண்டாமா? திண்டிவனம் ரோட்டில் ஒரு பழைய ரைஸ் மில் புகைபோக்கி நின்றது. அது தெரிந்தால் பஸ்ஸில் வருகிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். அதை ஒருநாள் இடித்துப் போட்டார்கள். பிறகு கொஞ்ச காலம் ஜனங்கள் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி, கண்டக்டரைத் திட்டிக்கொண்டே வெயிலில் திரும்பி நடந்து வந்தார்கள். அவலூர்பேட்டையிலிருந்து வந்த என் சம்பந்தி, "இன்னா தைலம்மா, உங்க ஊரை யாராவது தூக்கிக்கினு பூட்டாங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் பின்பக்கத்தில் இருந்தது ஓட்டுக் கூரை போட்ட கடலைக் கிடங்கு. உயரம் இல்லாதது. அதற்கு மேலே மலை முழுசாகத் தெரியும். கிடங்கு போய்த் தூண் வந்தது, தூணுக்கு மேல் தூண் வந்தது, பச்சை வலை கட்டினார்கள். முதலில் மலையின் இடுப்பு மறைந்தது. அப்புறம் தோள். ஒருநாள் பார்த்தால் மலை உச்சியில் இருக்கிற கோட்டைக் கட்டடமும் இல்லை. ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய பேனர் வைத்தார்கள். "மலை தெரியும் அறைகள்" என்று எழுதி, ராஜகிரியின் படத்தைப் போட்டிருந்தார்கள். எங்கள் மலையை மறைத்துவிட்டு எங்களுக்கே அதன் படத்தைக் காட்டினார்கள்.

தர்மநாதன் கொல்லைச் சுவரருகே நின்று கூப்பிட்டார்.

"ராஜாங்கம், எத்தினி மாடி?"

"நாலு, நைனாரே."

"ரெண்டுன்னு சொன்னாங்களே?"

"கட்றவன் நானு. சொல்றவங்களை இன்னாத்துக்கு கேக்குறீங்க?"

"மலை மறையுதே."

"உங்களுக்கு மறையுது. எனக்குத் தெரியுது." ராஜாங்கம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எங்க நைனா உங்க நெலத்துல குனிஞ்சு கடலை புடுங்கிக்கினே அந்த மலையைப் பாத்தாரு. நான் மாடியில நிமுந்து நின்னு பாக்குறேன். அதானே உறுத்துது?"

"சே, சே. நான் அப்பிடி நெனைக்கல."

"நெனைக்கலன்னா சந்தோஷம். வீட்டைக் குடுக்கிற எண்ணம் இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. வண்டி நிறுத்த எடம் பத்தல."

ராஜாங்கத்தின் அப்பா கோவிந்தசாமி பக்கத்து ஊரான வல்லத்தில் தர்மநாதன் வீட்டு நிலத்தில் கூலிக்குப் போனவர்தான். பிள்ளை மேஸ்திரியாகி, காண்டிராக்டராகி, மகள் கலைமதியை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தார். அந்தப் பெண்தான் இந்த லாட்ஜைக் கட்டுவித்துக்கொண்டிருந்தது. நல்ல உழைப்பு. தர்மநாதனும் வாயால் அப்படித்தான் சொல்வார். மனசுக்குள் வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கும். அதை அவர் எடுத்துப் பார்க்க மாட்டார்.

"வண்டி நிறுத்த எடம் பத்தல" என்ற பேச்சு மட்டும் அவர் காதில் முள்ளாக நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே ஒரு திட்டமாகத் தெரிந்தது. சந்தில் ஜல்லி கொட்டினால், "நம்ம நடந்து போவக்கூடாதுன்னு கொட்றான்." ஜல்லியை அள்ளிவிட்டால், "இன்னாத்துக்கு அள்ளுறான்? நல்லவன்னு பேர் வாங்கவா?" கல்யாண வீட்டுக்கு யாரோ பறக்கவிட்ட டிரோன் எங்கள் தெருவுக்கு மேலே போனபோது, "பாத்தீங்களா அக்கா, நம்ம கூரையில எத்தினி ஓடுன்னு எண்ணிக்கினு போவுது" என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு நானும் அண்ணாந்து பார்த்தேன். சந்தேகம் ஒட்டுவாரொட்டி இல்லையா.

மலை மறைந்ததும் மருதேவியின் சாப்பாட்டு நேரம் அவர் கைக்குப் போனது. கட்டடத்தின் நிழல் கொல்லையில் விழுந்தவுடன், "இருட்டுது, சாப்பிடு, சாப்பிடு" என்று விரட்டினார். வெளியே ரோட்டில் வெயில் பளபளவென்று அடிக்கும், இவள் உள்ளே அவசரமாக உப்புமாவை விழுங்குவாள். காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை நான் பார்த்தேன்.

"போன்ல பாக்கக் கூடாதாடி?" என்றேன்.

"அத்தை மலைன்னுதானே சொன்னாங்க. எனக்கும் மலையைப் பாத்தாத்தான் மனசு ஒப்புது அக்கா."

ஆனால் கொஞ்ச நாளில் அவள் முகம் தெளிந்தது. மறுபடியும் தள்ளித் தள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். தர்மநாதன் சாயந்திரம் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்விடுவார், அவருக்குத் தெரியாது. எதை வைத்துப் பொழுதைப் பார்க்கிறாள் என்று எனக்கும் தெரியாது. கேட்டால் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தர்மநாதன் தொப்பியைப் பார்த்தார். கட்டட வேலையில் தலைக்குப் போட்டுக்கொள்ளும் மஞ்சள் தொப்பி. நாலாவது மாடியின் கைப்பிடிச் சுவரில், சரியாக அவர் வீட்டுக் கொல்லைக்கு நேராக, சாயந்திரம் ஒருவர் அதைக் கொண்டுவந்து வைக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிடுகிறார். மறுநாளும் வைக்கிறார்.

"அக்கா, அது கோடு புடிக்கிற வேலை" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "தொப்பியைக் குறி வெச்சு, அங்கேர்ந்து நம்ம வீட்டு நடுவுக்கு அளவெடுக்கிறாங்க."

"தொப்பியை வெச்சா அளப்பாங்க?"

"பின்ன, தெனம் ஒரே எடத்துல எதுக்கு வெக்கிறான்?"

தினம் ஒரே இடத்தில் எதற்கு வைக்க வேண்டும்?

ஒரு சாயந்திரம் அவர் கோயிலிலிருந்து சீக்கிரமாகத் திரும்பினார். பின்கதவு திறந்திருந்தது. மருதேவி முருங்கை மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். மேலே கலைமதி தொப்பியைச் சுவரில் வைத்துவிட்டுக் கையை ஆட்டிற்று. இவர் சத்தம் காட்டாமல் வாசல் வழியாகவே வெளியே வந்துவிட்டார். என் வீட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"என் பொண்டாட்டியே பேசி முடிச்சுட்டா அக்கா. ஜினப்பிரியா மெட்ராசுக்கு வா வான்னு கூப்புடுது. இவளுக்கும் ஆசை. வீட்டை ராஜாங்கத்துக்குத் தள்ளிவுட்டுப் போவலாம்னு எனக்குத் தெரியாம ஏற்பாடு நடக்குது."

"மனசுல போட்டுக் கொழப்பிக்காதீங்க. நேராக் கேளுங்க."

"கேட்டா நெஜம் சொல்லுவாளா?"

அவர் கேட்கவில்லை. பேரூராட்சி ஆபீசுக்குப் போய், கட்டடம் அனுமதியைவிட உயரம் என்று மனு கொடுத்துவிட்டு வந்தார். உயரமா இல்லையா என்று அவருக்கும் தெரியாது. நான்கூட ஒரு வார்த்தை தடுக்கவில்லை. மலையைத் திருப்பிக் கொடுத்தால் நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். விசாரித்து முடிக்கும் வரைக்கும் வேலை நடக்கக் கூடாது என்று சொல்லி, எல்லாரையும் கீழே இறக்கி, வாசலில் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். கலைமதி போனில் யாரிடமோ கத்திக்கொண்டே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போயிற்று. மருதேவி அப்போது படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தர்மநாதன் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள்மேல்தானே சந்தேகம்? சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

சாயந்திரம் நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் மருதேவி ஊசி போட்டுக்கொண்டு, தட்டைக் கொண்டுவந்து வைத்து மணையில் உட்கார்ந்தாள். மேலே பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பச்சை வலை காற்றில் ஆடியது. பிறகு தட்டில் கைவைக்காமலே எழுந்தாள்.

"ஏன்டி, சாப்பிடல?"

"நேரம் போயிட்டுது அக்கா. தூங்கிட்டேன் போலக்குது." தட்டை மூடி உள்ளே எடுத்துப் போனாள்.

எனக்கு என்னவோ இன்னும் பொழுது இருப்பதுபோல் தோன்றியது. ஆனால் நிழலில் நின்றுகொண்டு என்னத்தைச் சொல்வது? நான் துணியை மடிக்கப் போய்விட்டேன். மடித்து முடிக்கவில்லை, அவர்கள் வீட்டில், அப்போதுதான் கடைத்தெருவிலிருந்து திரும்பிய தர்மநாதன், "அக்கா! அக்கா!" என்று அலறினார்.

ஓடினேன். மருதேவி கொல்லைப்படியில் சாய்ந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. ரவிக்கை நனைந்திருந்தது. கை தந்தியடித்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்கேயோ பார்த்தது. பயப்படாதீர்கள், அவள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள். உங்களைப் பதற வைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் அப்போது நான் பதறித்தான் போனேன்.

"ஊசி போட்டுக்கினு சாப்பிடல" என்றேன். "சக்கரைத் தண்ணி கொண்டாங்க!"

அவர் டம்ளரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தார். நான் அவள் வாயருகே வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வேணாம். பொழுது பூட்டுது."

"மருந்துன்னு நெனைச்சுக் குடிடி!"

"மருந்து... இனிக்குமா?" அந்த நிலையிலும் கேட்டாள் பாருங்கள்.

"பொழுது போவல மருதேவி!" தர்மநாதன் போனை எடுத்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "இதோ பாரு, இன்னும் நேரம் இருக்குது. போட்டிருக்குது பாரு."

"அது மெட்ராஸ் சூரியன்" என்றாள் மருதேவி.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனை வருஷமாக அவர் சொன்ன சொல்!

"தொப்பி இல்ல" என்றாள் அவள் மெதுவாக, என்னைப் பார்த்து. "எடுத்துட்டாங்க. எடுத்துட்டா மலை முழுங்கிட்டுதுன்னு அர்த்தம்."

"எந்தத் தொப்பி? இன்னாடி சொல்ற?"

நாக்குக் குழறக் குழறச் சொன்னாள். கலைமதியிடம் அவள்தான் கேட்டுக்கொண்டாளாம். "அங்கேர்ந்து உனுக்கு மலை தெரியுதாம்மா? சூரியன் மலைகிட்ட வரும்போது எனக்கு ஒரு ஜாடை காட்டுறியா?" என்று. அந்தப் பெண் சூரியன் மலையை நெருங்கும்போது தொப்பியை வைக்கும். இவள் அதைப் பார்த்துச் சாப்பிடுவாள். சூரியன் இறங்கியதும் எடுத்துவிடும். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகூட இதற்காக மேலே ஏறி வருமாம். இன்றைக்குத் தொப்பி இல்லை. அதனால் பொழுது போய்விட்டது என்று இவள் தட்டை மூடிவிட்டாள்.

தர்மநாதன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மேலே தொப்பி ஏன் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னா... அதுலயும் ஏதாவது கண்டுபுடிப்பீங்க."

அவள் கண் மூடப் பார்த்தது. நான் கன்னத்தைத் தட்டினேன். தேன் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அவள் உதட்டைச் சுளித்தாள். அவர்களுக்குத் தேனும் ஆகாது, அது எனக்கு அந்த அவசரத்தில் மறந்துவிட்டது. ஆட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் என்ன ஆகுமோ தெரியவில்லை.

தர்மநாதன் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். சந்து வழியாக, அவர் கட்ட வைத்த கயிற்றுக்குக் கீழே குனிந்து, அந்தக் கட்டடத்துக்குள் போனார். கைப்பிடி இல்லாத படி. செங்கல்லும் கம்பியுமாகக் கிடந்த இடம். செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாக மேலே போவது எனக்குக் கேட்டது. ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு நாலாவது மாடிச் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. முதலில் மலைப்பக்கம் திரும்பி நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இருக்குது!" என்று கத்தினார். தெருவே கேட்டிருக்கும். "மருதேவி! இன்னும் இருக்குது! மலைமேலதான் நிக்குது! குடி! சீக்கிரம் குடி!"

மருதேவி தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். நான் டம்ளரைச் சாய்த்தேன். பாதி கழுத்தில் வழிந்தது, பாதி உள்ளே போனது. இன்னொரு டம்ளரும் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்றது. வேர்வை அடங்கியது. அவர் இறங்கி வந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு முழங்காலில் ரத்தம். பேண்டு கிழிந்திருந்தது. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

திங்கட்கிழமை போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேலை மறுபடி ஆரம்பித்தது. ராஜாங்கம் வந்து கொல்லைச் சுவரருகே நின்றார்.

"மனுவை வாபஸ் வாங்குனீங்களாமே."

"ஆமா."

"இன்னாத்துக்கு?"

"சும்மாத்தான்."

"சும்மா யாராவது வாங்குவாங்களா நைனாரே? இதுல இன்னா உள்குத்து? வேற ஏதாவது கேஸு போடப் போறீங்களா?"

"இல்லப்பா."

ராஜாங்கம் நம்பவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். கலைமதி மட்டும் வந்து, மாடிக்கு லிஃப்ட் வைத்ததும் மருதேவி மேலேயே வந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லிற்று. "வாடகை கேப்பியா?" என்றாள் மருதேவி. "ஒரு தட்டு உப்புமா போதும் பெரிம்மா" என்றது அது.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இதைச் சொல்லியே இருக்க மாட்டேன். அந்த வாரம் முழுக்க தர்மநாதன் சாயந்திரத்தில் சாப்பிடவில்லை. மத்தியானம் ஒரு வேளையோடு சரி. முதலில் கால் வலி என்றார். பிறகு பசியில்லை என்றார். கொல்லையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மருதேவி அவரைக் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஏங்க, ஒரு வேளைச் சாப்பாடுன்னு விரதம் எடுத்திருக்கீங்களா?"

"ம்."

"எதுக்கு?"

அவர் முழங்கால் காயத்தைத் தடவிக்கொண்டார்.

"அன்னிக்கு மேல ஏறிப் பாத்தீங்களே. சூரியன் இருந்துதா?"

"இருந்துதுன்னு சொன்னேனே."

"அப்ப விரதம் எதுக்கு?"

"தெரியாம ஒருத்தர் மேல பழி போட்டு மனு குடுத்தேன் இல்ல? அதுக்கு" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதுவும் விரதம் எடுக்க வேண்டிய பாவம்தான். பெண்டாட்டி உயிரைக் காப்பாற்ற அவளுடைய விரதத்தைப் பொய் சொல்லி உடைப்பதும் விரதம் எடுக்க வேண்டிய பாவம்தான். இரண்டில் எதற்கு அவர் பட்டினி கிடந்தார் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

மருதேவி சுவரருகே வந்தாள்.

"அக்கா, நீ இன்னா நெனைக்கிற?"

"எனக்கு இங்கேர்ந்து இன்னா தெரியும்? நான் உன் தலையைப் புடிச்சிக்கினு இருந்தேன்." பிறகு எனக்கு நினைவு வந்தது. "கலைமதியைக் கேளேன். அன்னிக்கு அந்த நேரத்துல அது கோட்டை ரோட்டுலதான் நின்னு போன் பேசிக்கினு இருந்துதாம். மலை கண்ணுக்கு முன்னாலதானே? கேட்டா சொல்லிடும்."

மருதேவி நாலாவது மாடியை அண்ணாந்து பார்த்தாள். மேலே சிமெண்டுக் கலவை இயந்திரம் கடகடவென்று சுற்றியது.

"சொல்லிடும். அந்தப் பொண்ணுக்குப் பொய் வராது" என்றாள். "அதனாலதான் கேக்கப் போறதில்ல."

"சந்தேகத்தோடவே இருப்பியா?"

"அவரு அந்தப் படியில ஏறினது எனக்குத் தெரியும் இல்ல? அது போதும். மிச்சத்துல சந்தேகம் இருந்துட்டுப் போவட்டும்."

பிறகு உள்ளே போய், இரண்டு தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று அவருக்கு. இன்றைக்காவது சாப்பிடுவார் என்று பார்த்தாள் போலிருக்கிறது. அவர் சாப்பிடவில்லை. அவள் மட்டும் உட்கார்ந்து, அவசரப்படாமல், முழுத்தட்டும் சாப்பிட்டு முடித்தாள்.